போது

விர்வே இரவெல்லாம் ரொட்டி சுடுகிறாள்.
விடிந்தால் ஆறு நாற்பதுக்கு ஒரு பேருந்து.
எஸ்தோனியாவின் தென்கோடியில், வோரு நகரத்தின் விளிம்பில்
அந்த நிறுத்தத்துக்குக் கூரை இல்லை;
பறவைச் செர்ரி மரம் ஒன்று உண்டு.

மரத்தை அவள் பார்க்கத் தொடங்கியது
பேருந்து தாமதமாக வந்ததால்தான்.
வேறு பெரிய காரணம் எதுவுமில்லை.

மாவுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஜனவரி ஒன்பது: ஒன்றுமில்லை.
பதினொன்று: ஒன்றுமில்லை.
பதினாறு: ஒன்றுமில்லை, விரல் மரத்துவிட்டது.
பிப்ரவரி நடுவில்தான் பிடிபட்டது
ஒன்றுமில்லை என்பதில் எத்தனை வகை என்று.
கிளையோடு ஒட்டிப் படுத்த கூர்மொட்டு.
பழுப்பு என்று நினைத்தது பழுப்பல்ல;
செதிலுக்குச் செதில் ஓரத்தில்
நகக்கண் போல ஒரு வெளிறல்.
நேற்று இருந்ததா இது?
நேற்று பார்த்தவள் யார்?

தாழ்ந்த கிளையொன்றில்
சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள்,
நாளைக்கும் அதே மொட்டிடம் வர.
ஓட்டுநர் ஹெய்டோ கேட்டான்:
"வேண்டுதலா?"
"அடையாளம்."
இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று
அவன் கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

மார்ச்சில் பனி அழுக்கானது.
மரம் தன் காலடியில் மட்டும்
முதலில் ஒரு வட்டம் உருக்கிக்கொண்டது,
உள்ளே யாரோ மூச்சு விடுவது போல.

இருபத்தேழாம் தேதி
நகராட்சி ஆட்கள் வந்துபோயிருந்தார்கள்.
நிறுத்தத்துக்குக் கூரை வரப்போகிறதாம்.
சிவப்பு நூல் சேற்றில் கிடந்தது,
கிளையோடு.

பேருந்தைப் போகவிட்டாள்.
கிளையைக் கையிலேந்தி பேக்கரிக்கே திரும்பினாள்.
வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் தண்ணீர்,
அடுப்புச் சுவரோரம் ஓர் இடம்.
அங்கே எந்நாளும் ஜூன் மாதம்.

நான்காம் இரவு, பச்சை முனை.
ஒன்பதாம் இரவு, விசிறி மடிப்பாய் இலை.
பதினாறாம் இரவு
பிசைந்த மாவு கையில் காய
அப்படியே நின்றாள்:
ஒரு வெள்ளைச் சரம் தலைகவிழ்ந்து,
ஈஸ்ட்டின் புளிப்பை மீறிக்கொண்டு
கசப்பும் தேனுமாய் வாசம்.
லைனே ஓடிவந்து படமெடுத்தாள்.
விர்வேக்கு மட்டும்
அடுத்தவர் கடிதத்தை
உறை கிழித்துப் படித்துவிட்டது போலிருந்தது.

நோட்டில் தேதியை எழுதினாள்.
அடித்தாள். மறுபடி எழுதினாள்.
பொய்யில்லை அது.
மரத்தினுடையதும் இல்லை.

வெளியே மரம் ஏப்ரலிலேயே நின்றது.
வெட்டுவாயில் பிசின் இறுகியிருந்தது.
இன்னொரு நூல் அவள் கட்டவில்லை;
கழுத்து வலிக்க
முழு மரத்தையும் பார்க்கத் தொடங்கினாள்.
வெயில் நாளைவிடத் தூறல் நாளில்
பச்சை ஏறுகிறது, நோட்டில் உண்டு.
எதிர்ச்சாரி பிர்ச்சுகள் இன்னும் உறக்கம், உண்டு.
முதல் எறும்பு ஏறிய நாள் உண்டு.
ஹெய்டோ தாடியை மழித்த நாளும்
எப்படியோ அதில் உண்டு.

இது பூக்கும் வாரத்தில்
போன குளிர் ஒருமுறை திரும்பி வரும் என்பார்கள் இங்கே,
எதையோ மறந்து வைத்துவிட்டவரைப் போல.
மே பதின்மூன்று.
கையுறையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.
சரம் முழுக்க உருண்டு திரண்டு
ஒவ்வொன்றும் ஓர் இழை திறந்து,
இன்றோ, நாளையோ,
இவள் தூங்கப்போன பிறகோ.

அன்று பார்த்து பேருந்து
சரியாக ஆறு நாற்பதுக்கே வந்தது.
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
"போதாச்சு, ஏறு" என்றான் ஹெய்டோ.

பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
கிளையை விட்டுக் கண்ணெடுக்காமல்
"ஆமாம்" என்றாள்.
"போதுதான்."